மொதல்ல அவுத்து விடுங்க

பூனையைத் தலையணை உறைக்குள் எப்படிப் போடுவது என்று எங்கள் காலனியில் எல்லோருக்கும் தெரியும். கிழக்குத் தாம்பரத்தைத் தாண்டி வேறு எந்த ஊரில் இதைச் சொன்னாலும் சிரிப்பார்கள். உறையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிக் கையில் மாட்டிக்கொள்ள வேண்டும். அந்தக் கையாலேயே பூனையின் பிடரியைப் பிடிக்க வேண்டும். பிடித்த பிடி விடாமல் உறையை மறுபடி நேராகத் திருப்பினால் பூனை உள்ளே, நாம் வெளியே. சொல்வதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. என் வீட்டுக்காரர் முதல் தடவை செய்து பார்த்தபோது பூனை பரண் மேல் இருந்தது, அவர் கை உறைக்குள் இருந்தது, உறையெல்லாம் ரத்தம். "பரவாயில்ல சார், நல்லா வந்துது. இன்னொரு தடவை செஞ்சு பார்த்துடலாமே" என்றார் அந்த அம்மாள்.

அவரை நாங்கள் விசில் அக்கா என்போம். சர்ச்சில் கூப்பிட ஒரு பெயர், ஆபீசில் இனிஷியலோடு ஒரு பெயர் இருந்திருக்கும். எங்களுக்கு விசில் அக்காதான். பீச் ஸ்டேஷன் பக்கம் ஏதோ ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒல்லியான உடம்பு, கஞ்சி போட்ட கைத்தறிப் புடவை, தோளில் சேஃப்டி பின், அந்தப் பின்னில் அவசரத்துக்கென்று இன்னும் நாலைந்து பின். கைப்பையில் பவுடர், சீப்பு எதுவும் இருக்காது. ஒரு சுருள் பாண்டேஜ் துணி, மெழுகுவர்த்தி, மெழுகு பூசிய தீப்பெட்டி, வெல்லக்கட்டி, இவைதான். எலெக்ட்ரிக் டிரெயினில் யாராவது மயக்கம் போட்டு விழுந்தால் நமக்கெல்லாம் பதறும். அக்கா முகத்தில் ஒரு களை வரும். பாவம், எத்தனை நாள் தூக்கிச் சுமந்த பாண்டேஜ்!

இன்றைக்கும் சொல்கிறேன், அந்த அம்மாள் ஒரு தொல்லை. தங்கமான தொல்லை, ஆனாலும் தொல்லைதான்.

எல்லாம் பாகிஸ்தான் யுத்தத்தில் ஆரம்பித்தது. சர்க்காரிலிருந்து தொண்டர்கள் வேண்டும் என்று கேட்டார்கள், அக்கா பெயர் கொடுத்துவிட்டார். தாம்பரத்தில் விமான தளம் இருப்பதால் குண்டு விழுந்தால் முதலில் நம் தலையில்தான் என்று அக்கா வீடு வீடாக வந்து சொன்னார். கொஞ்சம் பெருமையாகவே சொன்னது போல எனக்குத் தோன்றியது. ஜன்னல் கண்ணாடிக்கெல்லாம் பழுப்புத் தாள் ஒட்டினோம். சாயங்காலமானால் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் ரசம் சாதம் சாப்பிட்டோம். எதிர்வீட்டு ரிட்டயர்ட் ஸ்டேஷன் மாஸ்டர் மட்டும், நம்ம காலனி அட்ரஸை எதிரிக்கு யார் எழுதிப் போட்டது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். யுத்தம் முடிந்தது. அக்காவுக்குக் கொடுத்த கைப்பட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். விசிலை யாரும் கேட்கவில்லை, அவரும் ஞாபகப்படுத்தவில்லை.

அதற்குப் பிறகுதான் எங்களுக்கு நிஜமான கஷ்ட காலம். குண்டு மட்டும்தான் ஆபத்தா, ஸ்டவ் வெடிக்காதா, புயல் வராதா, காலனிக்குப் பின்னால் இருக்கிற ஏரி உடையாதா என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் விசில் ஊதுவார். ஊதியவுடன் குடும்பத்தோடு கிளம்பி, மேட்டிலிருக்கிற எலிமென்டரி பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர வேண்டும். கொல்லைக் கதவருகே ஒரு பை எப்போதும் தொங்க வேண்டும். ரேஷன் கார்டு எண்ணெய்த் துணியில் சுற்றி, மூடி இறுக்கமான பாட்டிலில் தீப்பெட்டி, கொஞ்சம் அவல், மருந்து. இது மனிதர்களுக்கு. வீட்டில் நாயோ மாடோ ஆடோ கோழியோ இருந்தால் அதற்குத் தனியாக ஒரு பை. ஒரு கிண்ணம், ஒரு கயிறு, வீட்டு வாசனை இருக்கிற ஒரு பழந்துணி. புது இடத்தில் மிரளாமல் இருக்க அந்தத் துணி. பூனையென்றால் தலையணை உறை.

பிராணிகள் விஷயத்தில் அக்கா மசியவே மாட்டார். "வாயில்லா ஜீவன் எல்லாம் அதுபாட்டுக்கு வந்துடும் மேடம்" என்று ஒருநாள் ஸ்டேஷன் மாஸ்டர் சொன்னார். அவருடைய அல்சேஷன் டைகர் அப்போது சங்கிலியில் இருந்தது. அக்கா அந்தச் சங்கிலியையே பார்த்துவிட்டு, அது எப்படி சார் வரும் என்று மட்டும் கேட்டார்.

பள்ளிக்கூட வாசலில் அக்கா ஒரு பெரிய பிஸ்கட் டப்பாவோடு நிற்பார். உள்ளே பொரி, பொட்டுக்கடலை, உடைத்த வெல்லம். டப்பாவைக் குலுக்கிக்கொண்டே இருப்பார். வந்து சேருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு பிடி. இதில் மனுஷன், மாடு என்ற பேதம் கிடையாது. யார் முன்னால் வந்தார்களோ அவர்களுக்கு முதல் பிடி. காலனி சங்கத்தின் செக்ரட்டரியான என் வீட்டுக்காரருக்கு இது பெரிய மானப் பிரச்சினை. "நான் என்ன ஆடா, மாடா?" என்று கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். அக்கா கோபப்பட மாட்டார். அவருடைய பங்கை எங்கள் செவலைப் பசுவுக்குப் போட்டுவிடுவார்.

ஒன்றிரண்டு வருஷத்தில் காலனிப் பிராணிகள் எல்லாம் அக்காவின் கட்சிக்குப் போய்விட்டன. டப்பா சத்தம் கேட்டால் போதும், டைகர் சாப்பாட்டைப் போட்டுவிட்டு ஓடும். ஏரிக்கரைக் குடிசையில் இருந்த முனியம்மாவின் ஆடுகள் சனிக்கிழமையானால் அக்கா வீட்டு கேட்டில் வந்து நின்றுவிடும். முனியம்மா ஒருத்திதான் ஒத்திகைக்கு ஆசையாக வருபவள். "இன்னாக்கா, இன்னிக்கு ஊதலியா? என் ஆடு அப்பவே வந்து நின்னுகினு கீது" என்பாள்.

மனிதர்கள்தான் சலித்துக்கொண்டோம். ஏரி உடைந்தால் என்ன செய்வது என்பதற்காக, நெடுஞ்சாலை பங்க்சர் கடையிலிருந்து ஒரு பழைய லாரி டியூபை வாங்கி வந்து காற்றடித்து, காய்ந்த மைதானத்தில் என்னை அதன்மேல் உட்கார வைத்துக் கயிறு கட்டி இழுத்திருக்கிறார். புழுதியில் தரதரவென்று போனேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கைதட்டினார்கள். நீச்சல் தெரியுமா அக்கா என்று கேட்டேன். தெரியாது, அதனால்தானே டியூப் என்றார்.

ஒருநாள் மத்தியானம் எங்கள் கொட்டகைக்கு வந்து செவலை கட்டியிருந்த முடிச்சைப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. கயிற்றை என் கையில் கொடுத்து வேறொரு முடிச்சு போடக் கற்றுக்கொடுத்தார். மாடு எவ்வளவு இழுத்தாலும் இறுகுமே தவிர அவிழாது. தொங்குகிற நுனியை நாம் ஒரு இழுப்பு இழுத்தால் மொத்தமும் கழன்று விழும். நான் சரியாகப் போடுகிற வரை விடவில்லை. எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அடுப்பில் பருப்பு கொதிக்கிறது, இந்த முடிச்சுக்கு என்ன இவ்வளவு அமர்க்களம் என்று கேட்டுவிட்டேன்.

அப்போதுதான் சொன்னார், மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே. ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று மெட்ராஸ் முழுக்கக் காலியானபோது அக்கா சின்னப் பெண்ணாம். புரசைவாக்கத்தில் வீடு. ஜட்கா வாசலில் நிற்கிறது, அப்பா அவசரப்படுத்துகிறார், எழும்பூரில் கூட்டம் சொல்லி மாளவில்லை என்கிறார்கள். நாயைப் பூவரச மரத்தில் கட்டி, ஒரு சட்டியில் தண்ணீர் வைத்தார்கள். தெருமுனைக் கடைக்காரரிடம் சோறு வைக்கச் சொல்லிவிட்டு ரயிலேறிவிட்டார்கள். அந்தக் கடைக்காரரும் அன்று சாயங்காலமே கடையைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார் என்பது அவர்களுக்குத் தெரியாது.

"யாராவது வருவாங்கன்னு அப்பா சொன்னார். நானும் நம்பிட்டேன். பல மாசம் கழிச்சு வந்து பார்த்தா, மரத்துல கயிறு அப்படியே இருக்கு. முடிச்சு கூட அவுழல" என்றார். "அதனாலதான் சொல்றேன் தங்கச்சி. எடுத்துட்டுப் போக முடியுதோ இல்லையோ, மொதல்ல அவுத்து விடுங்க."

நாயின் பெயரை நான் கேட்டேன். முடிச்சை இன்னொரு தடவை போடச் சொன்னார். ஊர்ப் பிராணியெல்லாம் அவர் வாசலில் நின்றதே தவிர, கடைசி வரை அவர் வீட்டில் ஒன்றைக்கூட வளர்க்கவில்லை. பருப்பு அடிப்பிடித்த வாசனை வந்த பிறகுதான் உள்ளே ஓடினேன்.

இப்படிப்பட்டவரிடம் எத்தனை நாள் கோபமாக இருக்க முடியும்? முடியும் என்று காட்டினார் ஸ்டேஷன் மாஸ்டர். அவர் பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருகிற நாளும் ஒத்திகைச் சனிக்கிழமையும் ஒன்றாக வந்துவிட்டன. தேதியை மாற்றுங்கள் என்று அவர் கேட்டார். புயல் நல்ல நேரம் பார்த்து வராதே சார் என்று அக்கா சொல்லிவிட்டார். அன்றைக்கு அடிபட்டவராக நடிக்க வேண்டியவர் போஸ்ட் ஆபீஸ் குமாஸ்தா. வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு தெருக்குழாய் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. குமாஸ்தாவுக்கு அன்று காய்ச்சல். குழாய் பக்கத்தில் வெள்ளை வேட்டியோடு நின்றவர், வீட்டு நம்பர் தேடிக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் தாய்மாமன்.

விசில் ஊதியதும் நானும் முனியம்மாவும் இன்னும் இரண்டு பேரும் ஓடிப்போய் அவரைப் படுக்க வைத்தோம். அடிபட்டவர் பேசினால் பேச்சுக் கொடுக்கக் கூடாது, கையைக் காலை ஆட்ட விடக் கூடாது என்பது அக்கா கற்றுக்கொடுத்த பாடம். அதை ஒழுங்காகச் செய்தோம். வலது காலில் மட்டை வைத்துக் கட்டி, மூங்கிலில் கோணி கோத்த ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போனோம். பின்னாலேயே டைகர், ஆடுகள், கோழிக்கூடை, செவலை. மனிதர் ஒரு வார்த்தை பேசவில்லை. பள்ளிக்கூட வாசலில் அக்கா நீட்டிய பொரியையும் படுத்தபடியே வாங்கிச் சாப்பிட்டார். சம்பந்தி வீட்டு முறை இப்படி என்று நினைத்தாராம்.

கல்யாணம் என்னவோ நிச்சயமாகிவிட்டது. இவ்வளவு மரியாதை எங்கும் பார்த்ததில்லை என்று மாமனே சொல்லிவிட்டார். ஆனால் ஸ்டேஷன் மாஸ்டர் விடவில்லை. சங்கக் கூட்டம் கூட்டச் சொல்லி, காலனி எல்லைக்குள் விசில் ஊதக் கூடாது என்று தீர்மானம் போட வைத்தார். தீர்மானத்தைக் கேள்விப்பட்டு ராத்திரிக் காவல் கூர்க்காவும் ஊதுவதை நிறுத்திவிட்டான். அக்கா கழுத்திலிருந்து விசிலைக் கழற்றிக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் அதைக் கொண்டுவந்து எங்கள் பீரோவில் வைத்துப் பூட்டினார். அன்றிலிருந்து சனிக்கிழமைகள் நிம்மதியாகப் போயின. ஆடுகள் மட்டும் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றுவிட்டுத் திரும்பும்.

அந்த வருஷம் ஐப்பசி மழை கார்த்திகையிலும் விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா சர்ச்சுக்குக் கட்டிய வெள்ளைப் புடவையோடு, முழங்கால் வரை சேறோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். சர்ச்சுக்குப் போகிற வழியில் ஏரிக்கரையைப் பார்த்திருக்கிறார். கரையின் அடியில் தண்ணீர் ஊறிக்கொண்டு வருகிறதாம், மண்ணும் சேர்ந்து கரைந்து வருகிறதாம். ஏரிக்கரைக் குடிசைக்காரர்கள் முதல் வார்த்தைக்கே மேட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். காலனிக்காரர்கள் கிளம்பவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர், ரேடியோவில் ஒன்றும் சொல்லவில்லையே என்றார். என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், இன்னொரு ஒத்திகையா மேடம் என்றார்.

"ஒத்திகை இல்ல சார். விசிலைக் குடுங்க, ஊதிட்டுத் தந்துடறேன்."

"கமிட்டி தீர்மானம் மேடம். கூட்டம் போடாம நானா எடுத்துக் குடுக்க முடியுமா?"

கட்டின புருஷனாச்சே என்று பேசாமல் இருந்தேன். அக்கா மழையில் திரும்பிப் போய்விட்டார். நான் வத்தக்குழம்பு தாளிக்கப் போனேன். கொஞ்ச நேரத்தில் டப்பா சத்தம் கேட்டது. சமையலறை ஜன்னல் வழியே பார்த்தால், கொல்லைச் சுவர் மேல் ஒரு கை வருகிறது. செவலையின் கயிற்று நுனியைப் பிடித்து ஒரே இழுப்பு. கயிறு கழன்று விழுந்தது. செவலை, கேட்டை முட்டித் திறந்துகொண்டு, கழுத்துக்கயிறு தரையில் இழுபட, டப்பா சத்தத்தின் பின்னால் போயே போய்விட்டது.

கரண்டியோடு ஓடினேன். தெருவுக்கு வந்தால் எல்லோரும் என்னைப் போலத்தான் ஓடிக்கொண்டிருந்தார்கள். முன்னால் அக்கா டப்பாவைக் குலுக்கிக்கொண்டு போகிறார். பின்னால் டைகர், கோழிகள், மாடுகள், கன்றுகள். அவற்றின் பின்னால் பனியனோடு ஸ்டேஷன் மாஸ்டர், அவர் பெண், புதுமாப்பிள்ளை, காலனிப் பெண்கள், வேடிக்கை பார்க்கப் பிள்ளைகள். பிள்ளைகளைப் பிடிக்க மிச்சமிருந்த பெரியவர்கள். அத்தனை பேரும் அக்காவைத் திட்டிக்கொண்டே மேடேறினோம். பள்ளிக்கூட வாசலில் நான் மூச்சு வாங்க, உங்களுக்குப் புத்தி கெட்டுப் போச்சா அக்கா என்று கத்தினேன். அவர் பதில் சொல்வதற்குள் கீழே ஒரு சத்தம். ஏரிக்கரை அப்படியே உட்கார்ந்துவிட்டது.

செம்மண் தண்ணீர் எங்கள் தெருவுக்குள் நுழைந்ததை மேட்டில் நின்று பார்த்தோம். பிறகுதான் ஒவ்வொருவரும் அவரவர் வீட்டு ஆட்களைத் தேடினோம். எல்லோரும் இருந்தார்கள். என் வீட்டுக்காரர் இல்லை. மாடு என் இலாகா. அதனால் அவர் எழுந்திருக்கவே இல்லை.

எங்கள் வீடு மேட்டின் அடிவாரத்தில் கடைசி வீடு. ஓட்டுக் கூரை, மாடி கிடையாது. கொல்லையில் மண்சுவரின் மேல் ஏறி, பக்கத்து முருங்கை மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவர் நின்றார். முருங்கையின் லட்சணம் தெரியாதவர்கள் உண்டா! தண்ணீர் சுவரைத் தின்றுகொண்டிருந்தது. அவருக்கு நீச்சல் தெரியாது. அப்போது அங்கிருந்து ஒரு சத்தம் வந்தது. விசில். பீரோவைத் திறந்து எடுத்திருக்கிறார் மனிதர். காலனி எல்லைக்குள் விடாமல் ஊதிக்கொண்டிருந்தார்.

அக்கா அதற்குள் பள்ளிக்கூடத் தாழ்வாரத்திலிருந்து லாரி டியூபை இறக்கியிருந்தார். அதில் காற்று இருந்தது. விசிலைத்தான் பிடுங்கினோம், டியூபுக்குக் காற்றடிக்கக் கூடாது என்று தீர்மானத்தில் இல்லையே. கயிறுதான் இல்லை. அக்கா திரும்பி மாடுகளைப் பார்த்தார். செவலையின் கயிறு, மற்ற மாடுகளின் கயிறு, ஆட்டுக் கயிறு, டைகரின் சங்கிலி, எல்லாவற்றையும் கழற்றி ஒன்றோடொன்று முடிந்தோம். இது அவிழக் கூடாத முடிச்சு, அதையும் மைதானத்தில் கற்றுக்கொடுத்திருந்தார்.

கயிற்றின் ஒரு நுனியை இடுப்பில் கட்டிக்கொண்டு அக்கா இறங்கப் போனபோது, ஸ்டேஷன் மாஸ்டர் தடுத்தார். விமான தளத்திலிருந்து சிப்பாய்கள் வந்துவிடுவார்கள், கொஞ்சம் பொறுங்கள் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. எனக்கே அக்காவைப் போகச் சொல்ல வாய் வரவில்லை, போக வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

"யாராவது வருவாங்கன்னு விட்டுட்டு வந்தது ஒரு தடவை போதும் சார்" என்றார் அக்கா. டியூபின் மேல் கவிழ்ந்து படுத்துத் தண்ணீரில் இறங்கிவிட்டார்.

அவர் அதுவரை தண்ணீரில் ஒத்திகை பார்த்ததே இல்லை. ஒருமுறை டியூப் சுழன்று அவர் தலை முங்கியது. முனியம்மா "இசுத்துடுங்க, இசுத்துடுங்க" என்று அலறினாள். அக்கா கையைத் தூக்கி வேண்டாம் என்று ஆட்டினார். முருங்கைமரம் வரை போய், என் வீட்டுக்காரர் இடுப்பிலும் கயிற்றைக் கட்டினார். நாங்கள் அத்தனை பேரும் சேர்ந்து இழுத்தோம். ஸ்டேஷன் மாஸ்டர்தான் எல்லோருக்கும் முன்னால் நின்று இழுத்தார். அவர்கள் பாதி தூரம் வந்தபோது முருங்கை, சுவர் இரண்டும் சேர்ந்து போனதைப் பார்த்தேன்.

கரையேறியதும் ஆளாளுக்கு என் வீட்டுக்காரரைச் சூழ்ந்துகொண்டு கேள்வி கேட்டார்கள். அடிபட்டதா, பீரோ என்ன ஆயிற்று, ரேடியோ போயிற்றா என்று. விசில் இன்னும் அவர் பல்லுக்கு நடுவில் இருந்தது. அக்கா இருமிக்கொண்டே, "அதெல்லாம் அப்புறம். மொதல்ல அவுத்து விடுங்க" என்றார். நனைந்த முடிச்சு அவிழவில்லை. நான் தரையில் மண்டியிட்டுப் பல்லால் கடித்து அவிழ்த்தேன். அழுதுகொண்டே அவிழ்த்தேன், யார் பார்த்தால் என்ன.

என் வீட்டுக்காரர் விசிலை எடுத்து, துடைக்கக் கூடத் தோன்றாமல், அக்கா கழுத்தில் மாட்டினார். தீர்மானம் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தார், பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டதில் ஒன்றும் வரவில்லை. அக்கா அதைக் கவனிக்கவே இல்லை. வாசலில் வைத்திருந்த டப்பாவை எடுத்து, வழக்கம்போல ஒரு குலுக்குக் குலுக்கினார்.

என் வீட்டுக்காரர் எப்போதும் பின்னால் கட்டிக்கொள்கிற கை அன்றைக்கு முன்னால் வந்தது. இரண்டு கையும் சேர்ந்து, குவித்துக்கொண்டு வந்தது. "கொஞ்சம் இருங்க சார்" என்றார் அக்கா. செவலை அவருக்கு முன்னாலேயே வந்து சேர்ந்தது, அதற்கு இன்னும் கொடுக்கவில்லையாம். அதற்கு ஒரு பிடி போட்டுவிட்டு அப்புறம்தான் அவருக்குக் கொடுத்தார். மனிதர் நின்ற இடத்திலேயே, ஒரு பொரி கீழே சிந்தாமல் சாப்பிட்டு முடித்து, மறுபடி கையை நீட்டினார்.